சீகோங்: பெயரும் பயிற்சியும்

சீனத்துத் தாவோ நெறியினர் உடல்நலமும் உள்ள அமைதியும் வேண்டிப் பயின்ற மூச்சுப் பயிற்சிகள் இன்று 'சீகோங்' என வழங்கப்பெறுகின்றன. 'சீ' என்பது வளி, மூச்சு, உயிராற்றல் எனப் பல பொருள் தருவது. 'கோங்' என்பது முயன்று பெறும் திறன். இப்பெயரும் பயிற்சியைப் போலவே தொன்மையானதென்பார் பலர். அஃது எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பழஞ்சுவடிகளில் இத்தொடர் அரிதாகக் காணப்படினும், இப்பயிற்சிகள் அனைத்திற்கும் பொதுப்பெயராக அது நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஆகும். வயிற்றுப்புண்ணால் நலிந்து, மூச்சுப் பயிற்சியால் நலம்பெற்றதாகக் கூறிய லியூ குய்ஜென் என்பார், அதனை மருத்துவ முறையாக வகுத்து 1957இல் நூலாக வெளியிட்டார். அரசின் மருத்துவ நிலையங்களுள் இடம்பெறுதற்குச் சமயச் சார்பற்ற பெயர் வேண்டப்பட்டது. எனவே, பெயர் புதிது.

பயிற்சியோ பழையது. அதன் பழம்பெயர் 'தாவோயின்'. செலுத்தி இழுத்தல் என்பது பொருள். இதன்கண் உள்ள 'தாவோ', நெறியைக் குறிக்கும் தாவோ அன்று, வேறெழுத்தால் எழுதப்படுவது. சாங்ஷா நகரிலுள்ள மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்று 1973இல் அகழப்பெற்றது. ஆங்குக் கிடைத்த பட்டோவியத்தில் ஆடவரும் பெண்டிருமாக 44 உருவங்கள் இப்பயிற்சியில் நிற்கக் காண்கின்றோம்.

இப்பயிற்சி உடலளவில் நின்றதா என்பதே அடுத்த வினா. சாங்ஜியாஷான் கல்லறையில் கிடைத்த 'யின்ஷு' என்னும் மூங்கிலேட்டு நூல் இதற்கு விடை தருகின்றது. எளியோர் உழைப்பாலும் பசியாலும் நோயுறுகின்றனர் என்றும், உயர்ந்தோர் உவகையும் வெகுளியும் இசைவுறாமையால் நோயுறுகின்றனர் என்றும் அந்நூல் பகுக்கின்றது. உவகை மிகினும் வெகுளி மிகினும் அதற்கேற்ப மூச்சை வெளிவிட்டுச் சமன்செய்க என்கின்றது. மெய்ப்பாடும் மூச்சும் ஒன்றையொன்று தொடர்வன என்னும் கருத்து இதனாற் பெறப்படும்.

எனினும் இதனை எல்லாரும் உடன்பட்டாரல்லர். சுவாங்சி நூலின் பதினைந்தாம் இயல், கரடிபோல் தொங்கியும் பறவைபோல் நீண்டும் நெடுவாழ்வு நாடுவாரைச் சுட்டி, சான்றோன் இவையின்றியே நெடிது வாழ்வான் என்கின்றது. உடலைப் பேணுதல் வேறு, உள்ளம் அடங்குதல் வேறு என்னும் இத்தடை எளிதில் ஒதுக்கற்பாலதன்று.

இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியமைக்குத் தாங் காலத்துத் தாவோ நெறியாசிரியர் சீமா செங்ஜென் (647–735) சான்றாவார். வளியை உட்கொள்ளும் முறை பற்றி ஒரு நூலும், அமர்ந்து தன்னை மறத்தல் பற்றி ஒரு நூலும் அவர் இயற்றினார். முன்னது உடலையும் பின்னது உள்ளத்தையும் நோக்கியது. ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொண்டாரல்லர்.

ஆகவே, புதுப்பெயரைக் கொண்டு பயிற்சியைப் புதிதென்றலும், பயிற்சியின் பழமையைக் கொண்டு பெயரைப் பழையதென்றலும் ஒருங்கே வழுவாம். மருத்துவமனைக்கென வகுத்த வடிவை மட்டும் கொள்வார், சீமா செங்ஜென் எழுதிய இரு நூல்களுள் ஒன்றையே கற்றவராவர்.