உடற்பயிற்சியில் சக்தி வினைத்திறன்: சிறுவரும் வளர்ந்தோரும்

உடற்பயிற்சியில் சக்தி வினைத்திறன் என்பது, உடல் செலவிடும் சக்தியில் எவ்வளவு பயனுள்ள வேலையாக மாறுகிறது என்பதன் அளவு. நடை, ஓட்டம் ஆகியவற்றில் ஒரு கிலோகிராம் உடல் எடைக்குச் செலவாகும் ஒட்சிசனைக் கொண்டு இதை ஒப்பிடுவர். ஒரே வேகத்தில் செல்லும்போது, எடைக்கு ஒப்ப, சிறுவரே கூடுதல் ஒட்சிசன் செலவிடுகின்றனர். வயது ஏற ஏற இவ்வேறுபாடு குறைகிறது.

கண்டி வாவியைச் சுற்றி

கண்டி வாவியின் சுற்றளவு சுமார் 3 கி.மீ. தந்தையும் எட்டு வயது மகளும் கைகோத்து அதைச் சுற்றி வருவதாகக் கொள்வோம். தந்தையின் எட்டு 65 செ.மீ. என்றால் அவருக்கு ஏறத்தாழ 4,600 எட்டுகள் போதும். மகளின் எட்டு 50 செ.மீ. என்றால் அவளுக்கு 6,000 வேண்டும். மொத்தக் கலோரிச் செலவு எடை கூடிய தந்தைக்கே அதிகம். ஆனால் கிலோகிராமுக்குக் கணக்கிட்டால் மகளின் செலவே அதிகம்.

காரணங்கள்

முதன்மைக் காரணம் எட்டுகளின் எண்ணிக்கை. ஒவ்வோர் எட்டிலும் தசைகள் புதிதாகச் சுருங்கி உடலைத் தாங்க வேண்டும். அத்துடன், சிறுவரின் மூட்டுகளில் எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகுவது அதிகம். நடை முதிரும்போது இது குறையும். ஓய்வுநிலைச் செலவிலும் வேறுபாடு உண்டு: வளர்ந்தோருக்கு நிமிடத்தில் கிலோகிராமுக்குச் சுமார் 3.5 மி.லீ. ஒட்சிசன், சிறுவருக்கு 5 முதல் 6 மி.லீ. வரை.

தசையின் தரம் குறைவு என்பது இதன் பொருளன்று. எட்டு நீளம் குறுக்கிடாத துவிச்சக்கர வண்டிப் பயிற்சியில் இரு சாராரின் வினைத்திறனும் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதமே. தத்தம் உடலளவுக்கு ஏற்ற வேகத்தில் நடந்தாலும் இடைவெளி பெரிதும் சுருங்கும்.

மலைப்பாதையில்

கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில், குன்றுகளிடையே அமைந்தது. பஹிரவகந்தைக் குன்றுக்கோ ஹந்தானைத் தோட்டப் பாதையிலோ ஏறுவோர் ஈர்ப்புவிசைக்கு எதிராக வேலை செய்கின்றனர். ஒரு கிலோகிராமை ஒரு மீட்டர் உயர்த்த 9.8 ஜூல் வேண்டும். இதில் வயது வேறுபாடு இல்லை. எனவே ஏற்றம் கூடக்கூட, செலவில் எல்லோருக்கும் பொதுவான பங்கும் கூடுகிறது.

களைப்பும் மீட்சியும்

கடும் முயற்சியில் சிறுவரின் தசைகளில் லக்டிக் அமிலம் குறைவாகவே சேர்கிறது. அதனால் அவர்கள் சிறிது ஓய்வுக்குப்பின் விரைவில் மீள்கின்றனர்; ஓடி, நின்று, மறுபடி ஓடும் விளையாட்டு அவர்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. சிறுவருக்கு வியர்ப்பது குறைவாதலால், ஈரப்பதன் மிக்க கண்டியில் நிழலும் இடைக்கிடை நீரும் அவசியம்.

பயன்பாடு

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. அதைப் பெரியவரின் வேகத்தால் அளப்பது தவறு. பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாமல், பெரியவரே வேகத்தைக் குறைக்க வேண்டும். பள்ளிப் பருவ ஓட்ட நேரம் இறுதித் தீர்ப்பும் அன்று. கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்ற டங்கன் வைட், 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடைதாண்டலில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 30.