ஓர் எழுத்தும் ஒரு நோயும்



'வலி' என எழுத வேண்டிய இடத்தில் 'வழி' என எழுதிவிட்டு, "ஓர் எழுத்துத்தானே, ஐயா!" என்று என்னிடம் வாதாடிய மாணவர் பலர். அவர்களுக்கு நான் சொல்லிவந்த விடை ஒரு விஞ்ஞான வரலாறாகும்.

1910ஆம் ஆண்டில் சிக்காகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், சோகையுற்ற ஓர் இளைஞரின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் சில அரிவாள்போல் வளைந்திருந்ததை அறிவித்தார். கடும் வலி தரும் அந்நோயின் மூலகாரணம் நெடுங்காலம் விளங்கவில்லை.

சிவப்பணுவை நிறைத்திருப்பது ஹீமோகுளோபின் என்னும் புரதம். எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதுபோல் அமினோ அமிலங்கள் சேர்ந்து புரதமாகின்றன. இரத்தத்தில் உள்ள நிலையில், அவற்றுள் குளூட்டாமிக், அஸ்பார்ட்டிக் அமிலங்கள் எதிர் மின்னேற்றம் உடையன. லைசினும் ஆர்ஜினினும் நேர் மின்னேற்றம் உடையன. கரைசலின் அமிலத்தன்மையை மாற்றிச் சென்றால், ஒரு குறிப்பிட்ட பி.எச். அளவில் இருவகை மின்னேற்றமும் சமமாகும். அந்நிலையில் புரதம் மின்புலத்தில் எப்பக்கமும் நகராது. அந்த அளவே அதன் சமமின் புள்ளி. எதிர் மின்னேற்றமுடைய அமிலங்கள் மிகுந்தால் அப்புள்ளி தாழும்; குறைந்தால் உயரும்.

1949இல் கலிபோர்னியாவில் லைனஸ் பாலிங், இட்டானோ, சிங்கர், வெல்ஸ் ஆகியோர் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டு அளந்தனர். நோயாளியரின் ஹீமோகுளோபினில் சமமின் புள்ளி ஏறத்தாழ 0.2 அளவு உயர்ந்திருந்தது! எங்கோ எதிர் மின்னேற்றம் குறைந்திருக்கிறது என்பது புலனாயிற்று. எங்கே?

கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் அப்புரதத்தைச் சிறு துண்டுகளாக்கி ஒப்பிட்டார். ஒரே ஒரு துண்டு வேறுபட்டது. அதில் குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் மின்னேற்றமற்ற வேலின் அமர்ந்திருந்ததை 1957இல் வெளியிட்டார். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டாச் சங்கிலியில் 6ஆவது இடம் அது. ஆக்சிஜன் நீங்கியதும் அந்த வேலினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகி, அணுவை வளைத்துவிடுகின்றன.

இது தொலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. 1952இல் லேமனும் கட்புஷும் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடத்தும் இத்தன்மையைக் கண்டறிந்தனர். தாய் தந்தை இருவரிடமும் இம்மாற்றம் மறைந்திருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. இரத்தப் பரிசோதனை அதனை முன்னரே காட்டிவிடும். ஆகவே, இந்நோயை முன்வினைப் பயன் என்று எவரேனும் பழித்தால், காரணத்தை எடுத்துரையுங்கள். பரிசோதனைக்கு வழிகாட்டுங்கள்.

ஓர் எழுத்துத்தானே என்று இனி யாரும் சொல்லாதிருப்பீர்களாக!