மான் பாக்க வர்றவங்களுக்கு எங்க வேதாரண்யம் கதை

சென்னையில இருக்கற என் மச்சான் பையன் போன வாரம் போன் பண்ணினான். "மாமா, கோடியக்கரைக்கு மான் பாக்க வர்றோம், வேற என்ன இருக்கு உங்க ஊர்ல?"ன்னு கேட்டான். போன்ல சொல்லி முடியுற விஷயமா அது? அதான் எழுதுறேன்.

எங்க தாலுகாவோட பழைய பேர் திருமறைக்காடு. நாலு வேதமும் இங்க வந்து சிவனைப் பூசை பண்ணிட்டு கோயில் கதவை அடைச்சிட்டுப் போயிடுச்சாம். அப்பர் பாடித் திறந்தாரு, சம்பந்தர் பாடி மூடுனாருன்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளையும் சொல்லும். திருவாரூருக்குத் தேர் அழகுன்னா வேதாரண்யத்துக்கு விளக்கு அழகு.

ஆனா ஊரை நாடே திரும்பிப் பாத்தது உப்பால. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில சுமார் நூறு பேரு திருச்சியிலேர்ந்து நடக்க ஆரம்பிச்சாங்க. 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தாங்க. 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில உப்பு அள்ளி ராஜாஜி கைதானாரு. இங்க எல்லாத்துக்கும் முன்னால நின்னவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவர்தான் பின்னால பெண் பிள்ளைங்க படிக்க கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை ஆரம்பிச்சவரு.

அப்ப தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரா இருந்த தார்ன் துரை, நடந்து வர்றவங்களுக்குச் சோறு போட்டா ஜெயில்னு உத்தரவு போட்டுட்டாரு. நம்ம ஜனங்க சும்மா இருப்பாங்களா? சோத்துப் பொட்டலத்தைக் கட்டி வழியில மரக்கிளையில தொங்க விட்டுட்டு ஒதுங்கிக்கிட்டாங்க. யாரு கட்டுனதுன்னு போலீஸ் எந்த மரத்தைக் கேக்கும்? எங்க தாத்தாவுக்கு அப்ப பதினாலு வயசு. அவரும் ஒரு பொட்டலம் கட்டுனதா சொல்லுவாரு. வைரப்பன்னு ஒரு சவரத் தொழிலாளி, பாதி சவரத்துல ஆள் போலீசுன்னு தெரிஞ்சதும் கத்தியை மடக்கி வச்சிட்டாரு. வழக்கு வந்தப்பவும் மசியலை. தலைவர்களைப் பத்திப் பேசும்போது இவரை விட்டுடுறோம், எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னிக்கும் உப்பு எடுக்குறோம். தமிழ்நாட்டுல தூத்துக்குடிக்கு அடுத்தபடியா இங்கதான். பாத்தி மிதிச்சு, தண்ணி கட்டி, வெயில்ல வாரிக் குவிக்குற வேலை. கோடையில ஒரு மழை பெய்ஞ்சா விவசாயி சிரிப்பான், உப்பளத்துக்காரன் அழுவான். ஒரே வீட்டுல அண்ணன் சிரிச்சு தம்பி அழுத கதையும் உண்டு.

நாங்க மணல்ல விவசாயம் பண்றவங்க. இந்த மணலுக்கு ஒரு குணம் இருக்கு. பெய்ஞ்ச மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மெதந்து நிக்கும். பத்தடி தோண்டுனா இனிக்கும், பேராசைப்பட்டு ஆழமா போர் போட்டு உறிஞ்சுனா கரிக்கும். அதனாலதான் எங்க அப்பன் பாட்டன்லாம் குட்டை வெட்டி குடத்தால மொண்டு ஊத்துனாங்க. அந்தத் தண்ணியிலதான் புகையிலை, மா, தென்னை, சவுக்கு எல்லாம். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் பக்கம் முல்லைப்பூ. விடியறதுக்கு முன்னாடியே பொம்பளைங்க மொட்டு பறிக்கப் போயிடுவாங்க.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வந்துச்சு. எங்க பாட்டி 1952 புயலைச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தும், நாங்க சிரிப்போம். அன்னிக்குச் சிரிக்கலை. என் கொல்லையில முப்பத்தாறு தென்னையில நாலு நின்னுச்சு. அப்பா வச்ச ஒட்டு மாமரம் வேரோட மல்லாந்து கெடந்தது. அதை அறுக்க ஆள் வந்தப்ப நான் வீட்டுக்குள்ள போயிட்டேன். பத்து நாளைக்கு மேல கரண்டு இல்ல. மெட்ராஸ், கோயம்புத்தூர்னு எங்கிருந்தோ முகம் தெரியாத பிள்ளைங்க லாரியில அரிசியும் தண்ணியும் கொண்டாந்து குடுத்தாங்க. வரிசையில நிக்கக் கூச்சமா இருந்துச்சு. மரத்துல சோறு கட்டுன குடும்பமாச்சேன்னு நெனச்சேன். பசி அதையெல்லாம் பாக்கல.

சரி, கோடியக்கரை. 1967லயே சரணாலயம் ஆயிடுச்சு. முறுக்குக் கொம்போட வெளிமான், ஆள் வளர்ப்பு இல்லாம திரியுற குதிரைங்க, மழை முடிஞ்சா சதுப்புல பூநாரைக் கூட்டம். பொன்னியின் செல்வன் படிச்சிட்டு பூங்குழலியைத் தேடி வர்றவங்களுக்குக் குழகர் கோயில் இருக்கு. சோழர் கால கலங்கரை விளக்கம் மட்டும் 2004 சுனாமியில போயிடுச்சு.

மான் பாக்க அக்டோபருக்கு அப்புறம் வாங்க, பறவையும் சேத்துப் பாக்கலாம். மாம்பழம் வேணும்னா மே மாசம். 2023லேர்ந்து திருத்துறைப்பூண்டி அகஸ்தியம்பள்ளி ரயில் மறுபடியும் ஓடுது. கஜாவுக்கு அடுத்த வருஷம் நான் வச்ச ஒட்டுக்கன்னு போன வருஷம் இருபது காய் காச்சுச்சு. மச்சான் பையனுக்கு அதுல நாலு எடுத்து வைக்கணும்னு இருந்தேன், அணில் முந்திக்கிச்சு.