வர்த்தகக் கொள்கையில் பாலினச் சமத்துவம்: மாத்தளை மாவட்டம்

வர்த்தகக் கொள்கையில் பாலினச் சமத்துவம் என்பது, தீர்வை, தரவிதி, சலுகை ஆகியவற்றின் பயனும் சுமையும் இருபாலாருக்கும் நியாயமாகச் சேருமாறு பன்னாட்டு வர்த்தக விதிகளை வகுக்கும் நெறியாகும். உலக வர்த்தக அமைப்பின் 11ஆவது அமைச்சர் மாநாட்டில் 2017 டிசம்பரில் வெளியான பியூனஸ் அயர்ஸ் பிரகடனம் இதனை முன்வைத்தது. அது சட்டப்படி நாடுகளைக் கட்டுப்படுத்துவதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 மே மாதம் இலங்கைக்கு மீள வழங்கிய ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் தீர்வைச் சலுகையோ, பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயம் (இலங்கை ஏற்புறுதி 1981) உட்பட 27 சமவாயங்களின் அமுலாக்கத்தோடு பிணைந்தது.

இந்நெறி களத்தில் எதிர்கொள்ளும் தடைகளை இலங்கையின் மாத்தளை மாவட்டம் காட்டுகிறது. மிளகு, கராம்பு, சாதிக்காய் விளையும் இம்மாவட்டத்தில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. மிளகை உதிர்த்து, பாயில் உலர்த்தி, புடைத்துத் தரம்பிரிக்கும் வேலையில் பெண்களின் பங்கு பெரிது. ஏற்றுமதித் தரம் இவ்வேலையிலேயே உருவாகிறது. ஆயினும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அரச காணி வாரிசுரிமையில் ஆண்களுக்கு முன்னுரிமை அளித்தது. அந்த முன்னுரிமை 2022இல்தான் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. காணி உரித்தில்லாதவருக்குக் கடனும் மானியமும் எட்டாமையால், தீர்வைக் குறைப்பு மட்டும் அவரைச் சென்றடையாது. வர்த்தகச் சலுகைகளோடு இணைக்கப்படும் சமூக நிபந்தனைகள் வளரும் நாடுகளுக்கு எதிரான மறைமுகத் தடையாகலாம் என்ற ஆட்சேபம் கனதியானதே. எனினும் அது தண்டனை வடிவ நிபந்தனைகளுக்கே பொருந்தும். காணி, கடன், பயிற்சி ஆகியவற்றைப் பெண்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடுகள் ஏற்றுமதியையே வலுப்படுத்துகின்றன.