ஒரே கழகம், இரண்டு ரிசீவர்கள்: ஓக்லண்ட் சொல்லித்தரும் பாடம்

இரண்டு கணக்கைப் பாருங்கோ. 2002 பருவகாலத்தில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்கு ஆடிய ஜெரி ரைஸ் 92 பந்துகளைப் பிடித்து 1,211 யார்ட் எடுத்தார். அந்தப் பருவத்துக்குள்தான் அவருக்கு 40 வயது ஆனது. நாலு வருசம் கழிச்சு, 2006இல், அதே அணியில் ரண்டி மொஸ். வயது 29. உயரம், வேகம், பாய்ச்சல் எல்லாத்திலும் அவரைப்போல ஒருத்தரை அந்த விளையாட்டு அதுவரை கண்டதில்லை எண்டு பேர் எடுத்தவர். அவர் எடுத்தது 42 பிடி, 553 யார்ட், மூன்றே மூன்று டச்டவுன்.

கிழவன் ஜொலித்தான், இளையவன் மங்கினான். "மொஸ் முடிஞ்சார், மனசு வைக்கிறார் இல்லை" எண்டுதான் அப்ப பலரும் கதைத்தார்கள். அந்தத் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது எண்டு பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் ஃபுட்போல் எண்டு சொல்லுறது எங்கட உதைபந்தாட்டம் இல்லை. ரக்பி வழியில வந்த, முட்டை வடிவப் பந்தால் ஆடும் ஆட்டம். பந்தை எறிபவர் குவாட்டர்பாக். ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். எறிபவரை எதிரணி விழுத்தாமல் ஐந்து பேர் முன்னுக்கு நின்று காப்பார்கள். அவர்கள் தாக்குப்பிடிக்கிற நேரம் இரண்டு மூன்று செக்கன்தான். ஆகவே ரிசீவரின் திறமை எண்டு நாங்கள் எழுதி வைக்கிற கணக்கில் பாதி, எறிபவரின் கையும் முன்னுக்கு நிற்பவர்களின் தோளும்தான்.

இதை முதலில் ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் பில் வோல்ஷ். 1969இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் அவர் உதவிப் பயிற்றுநர். கிரெக் குக் எண்ட இளம் குவாட்டர்பாக் அங்கே இருந்தார். அபாரமான கைப்பலம், தூர தூரமாக எறிவார். அந்த வருசமே தோளில் காயம் பட்டது, அவருடைய விளையாட்டு வாழ்க்கையே அதோடு போனது. அடுத்து வந்த வேர்ஜில் காட்டருக்கு அந்தக் கைப்பலம் இல்லை. ஆனால் குறி தப்பாது. வோல்ஷ் காட்டரைக் குக் ஆக்கப் பார்க்கவில்லை, முறையையே மாற்றினார். தூர எறிதலைக் குறைத்து, மைதானத்தின் அகலம் முழுக்கப் பரவும் குறுகிய, வேகமான எறிதல்களை வைத்தார். 1971இல் எறிந்த பந்துகளில் 62.2 வீதத்தைச் சரியாகக் கொடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார் காட்டர். பின்னாளில் "வெஸ்ட் கோஸ்ட்" முறை எண்டு உலகம் கொண்டாடியது, உண்மையில ஒரு குறைபாட்டுக்கு ஏற்றபடி தைத்த சட்டைதான்.

1979இல் வோல்ஷ் சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகப் போனார். அதே வருசம் டிராஃப்ட் எனப்படும் புதுமுகத் தெரிவின் மூன்றாம் சுற்றில் ஜோ மொன்டானாவை எடுத்தார். அவருக்கும் பீரங்கிக் கை கிடையாது, நேரமும் நிதானமும்தான் பலம். 1985இல் ஜெரி ரைஸ் வந்தார். மிசிசிப்பி வலி ஸ்டேட் எண்ட சின்னக் கல்லூரிக்காரர். அவர் போதுமான வேகம் இல்லாதவர் எண்ட சந்தேகம் இருந்தது. அந்தத் தெரிவில் அவருக்கு முதல் இரண்டு ரிசீவர்கள் எடுபட்டுவிட்டார்கள். வோல்ஷ் கண்டது வேறொன்று. ரைஸ் ஒவ்வொரு தடவையும் அதே அடியில், அதே கோணத்தில் திரும்புவார். மொன்டானா பின்னுக்கு வைக்கும் அடியின் எண்ணிக்கையும் ரைஸ் முன்னுக்கு வைக்கும் அடியின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். ரைஸ் திரும்ப முதலே பந்து காற்றில் வந்துகொண்டிருக்கும். முதல் வருசம் பல பந்துகளைக் கைநழுவ விட்டார். ஆனாலும் 1987இல் வெறும் 12 போட்டியில் 22 டச்டவுன் பிடித்துச் சாதனை படைத்தார்.

இப்ப ஓக்லண்டுக்கு வருவம். 2002இல் ரைஸுக்கு எறிந்தவர் ரிச் கானன். துல்லியமும் வேகமான முடிவும் உள்ளவர், அந்தப் பருவத்தின் அதிசிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். ஓக்லண்ட் அப்போது ஆடியதும் வோல்ஷ் வழி வந்த முறைதான். அதாவது, ரைஸ் மாறியது ஊரும் சீருடையும் மட்டுமே. மொழி பழைய மொழி.

மொஸ் வந்த காலத்தில் அந்த மொழியே இல்லை. 2006இல் தாக்குதல் முறையை வகுத்தவர் பல வருசம் லீக்குக்கு வெளியே இருந்தவர். ரிசீவர் தூரம் ஓடும்வரை குவாட்டர்பாக் பந்தோடு காத்திருக்கிற பழைய முறை அது. காகிதத்தில் மொஸுக்குப் பொருத்தம்தான், தூர ஓட்டம்தானே அவருடைய பலம். ஆனால் காத்திருக்க நேரம் வேணுமே? அந்தப் பருவத்தில் ஓக்லண்ட் குவாட்டர்பாக்குகள் 72 தடவை பந்தோடு விழுத்தப்பட்டார்கள். 16 போட்டியில் இரண்டு வெற்றி. மொஸிலும் பிழை இல்லாமல் இல்லை. மனநிலை தன் ஆட்டத்தைப் பாதிக்கிறது எண்டு அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் பந்தே வராத இடத்தில் ஓடி ஓடிக் களைக்கிறவனுக்கு மனசு எப்படி இருக்கும்?

2007 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், வெறும் நாலாம் சுற்றுத் தெரிவு ஒன்றைக் கொடுத்து அவரை வாங்கியது. அங்கே எறிபவர் டொம் பிரேடி. நல்ல காப்பாளர்கள் முன்னுக்கு நின்றார்கள். அதே வருசம் வந்த வெஸ் வெல்கர் நடுப்பகுதியில் குறுகிய பந்துகளாக 112 பிடித்தார். மொஸுக்குப் பயந்து எதிரணி பின்வாங்கினால் வெல்கருக்கு இடம், வெல்கரை மூட முன்னுக்கு வந்தால் மொஸுக்கு வானம். பலன்: 98 பிடி, 1,493 யார்ட், 23 டச்டவுன். ரைஸின் 22 உடைந்தது (மொஸுக்கு 16 போட்டி தேவைப்பட்டது எண்டதையும் சேர்த்தே சொல்ல வேணும்). பிரேடியின் 50ஆவது டச்டவுன் எறிதலும் மொஸின் 23ஆவதும் ஒரே பந்துதான், 65 யார்ட். முந்தின வருசம் "முடிஞ்ச" அதே ஆள், ஒரு வயது கூடி.

ஆனால் பொருத்தம் எண்டது நிரந்தர வரம் இல்லை. தோல்வியே காணாமல் வந்த அந்த அணியை 2008 பெப்ரவரியில் சூப்பர் போலில் நியூயோர்க் ஜயன்ட்ஸ் 17-14 எண்டு வென்றது. பிரேடியை ஐந்து தடவை விழுத்தினார்கள். அவர்கள் பறித்தது அந்த இரண்டு மூன்று செக்கனைத்தான். அது போனதும் ஓக்லண்டின் வாசனை அங்கேயும் வந்தது.

ரைஸின் உழைப்பையோ மொஸின் பிறவித் திறமையையோ குறைக்க இதைச் சொல்லவில்லை. வோல்ஷ் காட்டரிடம் கேட்ட கேள்வி "உன்னிடம் என்ன இல்லை?" எண்டது இல்லை, "உன்னால என்ன ஏலும்?" எண்டது. ஒருத்தரை முடிஞ்சவர் எண்டு எழுதிவிட முதல், அவருக்குப் பந்து எறிந்தது யார், எவ்வளவு நேரம் கிடைத்தது எண்டு ஒருக்கா விசாரிக்கிறது நல்லது. நாலாம் சுற்றுத் தெரிவுக்கு ஒரு மொஸை விற்ற கழகம், அதை விசாரிக்காததற்கு என்ன விலை கொடுத்தது எண்டு அடுத்த பருவமே பார்த்துக்கொண்டது.