வழக்கில் தோற்றவர் பெற்ற வெற்றி

தியாகதுருகத்தில் நம்மிடம் அரபி பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் வினவினார்: "ஹஜ்ரத், தொலைக்காட்சித் தொடருக்குக் கதை எழுத அழைக்கின்றார்கள். எழுதலாமா?" ஒரு சொல்லில் விடை கூற நாம் விரும்பவில்லை. காஜா அகமது அப்பாஸின் வரலாற்றை எடுத்துரைத்தோம்.

1914-இல் பானிப்பட்டில், உர்தூ மகாகவி ஹாலியின் குடும்பத்தில் பிறந்தவர் அப்பாஸ். அலிகாரில் பயின்று, பம்பாயில் பத்திரிகையாளரானார். ராஜ்கபூரின் 'ஆவாரா' (1951), 'ஸ்ரீ 420' (1955), 'பாபி' (1973) ஆகியவை அன்னாரின் எழுத்தில் உருவானவை. பிறருக்கு எழுதி ஈட்டிய பொருளைத் தம் 'நயா சன்சார்' நிறுவனத்தின் படங்களில் இட்டார். அவற்றுள் பெரும்பாலானவை பொருள் ஈட்டவில்லை. ஆயினும் நடைபாதைவாசிகளின் துயர் கூறும் 'ஷெஹர் அவுர் சப்னா' (1963) சிறந்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது.

அன்னாரின் உறுதியைக் காட்டியது 1968-இல் எடுத்த ஒரு குறும்படம். கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வச் செழிப்பையும் ஏழ்மையையும் அருகருகே வைத்துக் காட்டிற்று அது. பம்பாயின் விலைமாதர் தெருக் காட்சிகளைக் கருதித் தணிக்கைக் குழு, 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்றது. காட்சிகளை வெட்டினால் அனைவரும் காணலாம் என்றது அரசு. அப்பாஸ் வெட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் ஏகினார். வழக்கு நடக்கையிலேயே, வெட்டின்றிச் சான்று தர அரசு இசைந்தது. பலரும் அத்துடன் மனநிறைவடைந்திருப்பர். அன்னாரோ முன்தணிக்கையே முறையா என வழக்கை விரிவுபடுத்தினார்.

1970-இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. முன்தணிக்கை செல்லும் என்றது; ஆயினும் கலைக்கு இடமளிக்கும் தெளிவான அளவுகோல் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. மேல்முறையீட்டுக்குத் தனி மன்றம் அமைப்பதாக அரசு அவ்வழக்கில் உறுதி கூறிற்று. 1983-இல் அது அமைந்தது. 2021-இல் அம்மன்றம் கலைக்கப்பட்டதால், முறையிடுவோர் இன்று உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

கொள்கையில் தோற்றார், தம் படத்தை முழுமையாகக் காத்தார். 1987-இல் காலமாகும் வரை பத்திரிகைப் பத்தியும் நிற்கவில்லை.

இளைஞரிடம் இறுதியாகக் கூறினோம்: "தம்பி, கூலிக்கு எழுதுவது குற்றமன்று. எழுதிய சொல்லுக்கு நாளை மன்றத்தில் நின்று விடை கூற இயலுமா என்று எண்ணிப் பார்த்து எழுதும்."

அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "யோசித்துச் சொல்கிறேன், ஹஜ்ரத்" என்றார். அவ்விடை நமக்குப் பிடித்திருந்தது.