தட்டணுக்கள் சொன்ன முதற்செய்தி

மழைக்காலத் தூத்துக்குடியில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்தன என்றதும் நாம் டெங்குவையே நினைக்கிறோம். அக்குறைவுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1982இல், எச்.ஐ.வி. கண்டறியப்படுவதற்கு ஓராண்டு முன்னரே, நியூயார்க் மருத்துவர்கள் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் சிலரிடம் அதைப் பதிவு செய்தனர். காவலுக்குப் பிறந்த எதிர்ப்பொருள்கள் சொந்தத் தட்டணுக்களையே பற்றிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் புதியவை உருவாவதும் தடைபடுகிறது. 1980களின் பிற்பகுதியில் ஜிடோவுடின் கொடுக்கப்பட்டபோது தட்டணுக்கள் பெருகின. வைரஸை அடக்குவதே வழி என்பது புலனாயிற்று.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் 1986இல் வெளிக்கொணர்ந்தனர். ஆயினும் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டுமருந்து கிடைக்க 2004 ஏப்ரல் வரை காத்திருக்க நேர்ந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் விழிப்புணர்வுப் பரப்புரைகள் லாரி ஓட்டுநர்களையே பெரிதும் முன்னிறுத்தின. துறைமுகமும் உப்பளமும் லாரிகளை நம்பி வாழும் ஊரில், ஒரு தொழிலே சந்தேகத்துக்கு உள்ளாவது சிறிய காயமன்று. காரணம் புலப்படாமல் தட்டணுக்கள் குறைந்த எவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ நெறி. அது தொழிலைக் கேட்பதில்லை, நாமும் கேட்கலாகாது.